யார் கையில் நம் விவரம்? – வாசகர் கேள்வி பதில்

கைபேசி, வட்ஸ்அப், அடையாள அட்டைப் பிரதி, கண்காணிப்புக் கமரா ஆகியவை பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். களவெடுக்கவில்லை, ஒருவரையும் ஏமாற்றவில்லை. என் பிள்ளைகளோ என் தொலைபேசியில் அந்தப் பூட்டு, இந்தப் பாதுகாப்பு என்று ஏதேதோ செய்து தருகிறார்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லாத என்போன்றவர்களுக்கு இவையெல்லாம் எதற்கு? – களுவாஞ்சிகுடி

ஐயா, உங்கள் கேள்வியை நேர்மையான மனிதர்கள் பலர் கேட்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஒரு விவரம் ஆபத்தாக மாறுவதற்கு, அந்த விவரத்துக்கு உரியவர் குற்றம் செய்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அது யாருடைய கைக்குப் போகிறது, என்ன நோக்கத்துக்காகப் போகிறது என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. 1983 யூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் தேடிச் சென்றபோது அவர்களிடம் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்ட வரலாறு. வாக்களிப்பதற்காகப் பெயரைப் பதிந்தவர்கள் எதையும் மறைக்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் அல்லர். குடிமக்களாகத் தமது கடமையைச் செய்தவர்கள். தேர்தலுக்காகத் திரட்டப்பட்ட பட்டியல், திரட்டியவர்கள் எண்ணியும் பார்த்திராத ஒரு காரியத்துக்குப் பயன்பட்டுவிட்டது. நமது மாவட்டங்களிலும் சுற்றிவளைப்புகளில், முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டியின் முன்னால் வரிசையில் நின்றவர்களுக்கு, தன்னைப் பற்றிய தகவல் பிறர் கையில் இருப்பதன் பொருளை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைய இடாப்பில் பெயரும் முகவரியும்தான் இருந்தன. இன்று உங்கள் கைபேசியில் நீங்கள் போய்வந்த இடங்கள், உங்கள் மருந்துச் சிட்டையின் படம், வங்கிக் கணக்கு, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் இலக்கங்கள், பேரப்பிள்ளைகளின் புகைப்படங்கள் எல்லாம் இருக்கின்றன. இவற்றுள் ஒன்றுகூட வெட்கப்பட வேண்டியதன்று. ஆயினும் இவையெல்லாம் சேர்ந்து ஒரு அந்நியரின் கைக்குப் போனால், உங்கள் மகனின் குரலில் பேசிப் பணம் கேட்பதற்கும், நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தை அறிந்துகொள்வதற்கும் அவை போதுமானவை. உங்களுடைய தொலைபேசியில் இருப்பவை உங்களுடைய விவரங்கள் மாத்திரம் அல்ல என்பதையும் எண்ணிப் பாருங்கள். உங்களிடம் படித்த மாணவி ஒருத்தி தன் குடும்பப் பிரச்சினையை நம்பி எழுதியிருப்பாள். அவளுடைய இரகசியத்தைக் காப்பதும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. பிள்ளைகள் செய்துதரும் பூட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். அதன் இலக்கத்தை மட்டும் மறந்துவிடாமல் நம்பிக்கையான ஓரிடத்தில் எழுதி வையுங்கள்.

வட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியை அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் வாசிக்க முடியாது என்று அந்தச் செயலியே சொல்கிறது. ஆனால் வழக்குகளில் வட்ஸ்அப் உரையாடல்கள் சாட்சியமாக வருகின்றனவே. அப்படியானால் அவர்கள் சொல்வது பொய்யா? – வர்த்தகர், காத்தான்குடி

பொய் இல்லை, சகோதரரே. ஆனால் அந்த வாக்கியம் சொல்லாமல் விடுவது நிறைய இருக்கிறது. இருமுனை மறைகுறியாக்கம் எனப்படும் முறை வட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நீங்கள் அனுப்பும் செய்தி உங்கள் கைபேசியிலேயே கணித முறைப்படி உருமாற்றப்பட்டு, பெறுபவரின் கைபேசியில் மட்டுமே மீண்டும் வாசிக்கக்கூடியதாகிறது. இடையில் அதைக் கொண்டுசெல்லும் தொலைபேசி நிறுவனத்துக்கும், வட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கும் பொருளற்ற எழுத்துக் குவியலே தெரியும். சிக்னல் என்ற செயலிக்காக உருவாக்கப்பட்ட முறையையே வட்ஸ்அப்பும் பயன்படுத்துகிறது. உலகெங்கும் உள்ள கணித வல்லுநர்கள் அதைப் பகிரங்கமாக ஆராய்ந்து வருகிறார்கள்.

அப்படியிருந்தும் செய்திகள் வெளியே வருவது எவ்வாறு? பெரும்பாலும் மூன்று வழிகளால். முதலாவது, கைபேசியே பிறர் கையில் இருப்பது. திறந்த நிலையிலுள்ள கைபேசியில் மறைகுறியாக்கத்துக்கு வேலையே இல்லை. உங்களுக்குத் தெரிவது அதை வைத்திருப்பவருக்கும் தெரியும். இரண்டாவது, மறுமுனையில் இருப்பவர். இருநூறு பேர் உள்ள குழுவொன்றில் நீங்கள் எழுதியதை ஒருவர் திரையைப் படம் பிடித்து வெளியே அனுப்பினால் எந்தக் கணிதமும் அதைத் தடுக்காது. மூன்றாவது வழியைப் பலர் அறிந்திருப்பதில்லை. உங்கள் உரையாடல்களின் காப்புப் பிரதி கூகுள் கணக்கிலோ ஐகிளவுட்டிலோ சேமிக்கப்படுகிறது. அந்தப் பிரதியையும் மறைகுறியாக்கும் வசதி 2021 இறுதியில்தான் வந்தது. அதுவும் நாமாகச் சென்று இயக்கினால்தான் வேலை செய்யும். அமைப்புகளுக்குள் சென்று, உரையாடல் காப்புப் பிரதி என்ற பகுதியில் அதை இயக்கி, கடவுச்சொல் ஒன்றைக் கொடுங்கள். அந்தக் கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்டால் பழைய செய்திகளை மீட்டுத்தர வட்ஸ்அப்பாலும் முடியாது என்பதைத் தெரிந்துகொண்டே அதைச் செய்யுங்கள்.

இன்னொன்றும் உண்டு. செய்தியின் உள்ளடக்கம் மறைந்திருந்தாலும், யார் யாருடன், எந்த நேரத்தில், எத்தனை தடவை தொடர்புகொண்டார் என்பதும், எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்பதும் அப்படி மறைந்திருப்பதில்லை. ஒரு வர்த்தகர் இரவு பதினொரு மணிக்கு வங்கி முகாமையாளருடனும், அடுத்த நிமிடம் வழக்கறிஞருடனும், பின்னர் காணித் தரகருடனும் பேசினார் என்று தெரிந்தால், என்ன பேசினார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவைப்படாது. சிக்னல் செயலி இந்த விடயத்தில் வேறுபட்டது. 2016 இல் அமெரிக்க நீதிமன்றக் கட்டளை ஒன்றின் மூலம் ஒரு பயனாளரின் விவரங்கள் கேட்கப்பட்டபோது, கணக்கு தொடங்கப்பட்ட நேரமும் கடைசியாக இணைந்த நேரமும் தவிரக் கொடுப்பதற்கு அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. சேர்த்து வைக்காததை எவரும் கேட்டுப் பெற முடியாது. நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இது.

உங்கள் கடைக்காக வணிக வட்ஸ்அப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், வாடிக்கையாளர்கள் அனுப்பும் முகவரிகளையும் பணம் செலுத்திய பற்றுச்சீட்டுகளையும் கடைப் பணியாளர்கள் அனைவரும் பார்க்க வேண்டுமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள்.

டெலிகிராம் வட்ஸ்அப்பை விடப் பாதுகாப்பானது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? – மாணவர், ஒலுவில்

இல்லை, தம்பி. டெலிகிராமில் சாதாரண உரையாடல்களும் குழுக்களும் இருமுனை மறைகுறியாக்கம் செய்யப்படுவதில்லை; அவை அந்த நிறுவனத்தின் சேவையகங்களில் இருக்கின்றன. இரகசிய உரையாடல் என்று தனியாகத் தொடங்கினால் மட்டுமே அந்தப் பாதுகாப்பு கிடைக்கும்; அதுவும் இருவருக்கு இடையில் மாத்திரமே. விரிவுரைக் குறிப்புகளைப் பகிர டெலிகிராம் வசதியானது. அந்தரங்கமான பேச்சுக்கு அதை நம்ப வேண்டாம்.

தையல் இயந்திரம் வாங்குவது பற்றி என் தங்கையுடன் வீட்டுத் திண்ணையில் இருந்து பேசினேன். அன்று மாலையே பேஸ்புக்கில் தையல் இயந்திர விளம்பரம் வந்தது. போன் நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிறதா? – அக்கரைப்பற்று

சகோதரி, இந்த அனுபவம் பலருக்கு உண்டு, பயமும் நியாயமானதே. ஆனால் நடப்பது பெரும்பாலும் வேறு. 2018 இல் அமெரிக்காவின் நோர்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000 க்கும் மேற்பட்ட அன்ட்ரொயிட் செயலிகளைச் சோதித்தார்கள். இரகசியமாக ஒலிவாங்கியைத் திறந்து பேச்சைப் பதிந்து அனுப்பும் செயலி எதுவும் அவர்களுடைய சோதனையில் அகப்படவில்லை. அதே வேளை, சில செயலிகள் பயனாளரின் திரையில் தெரிவதையே படமாக்கி வேறு நிறுவனங்களுக்கு அனுப்பியதை அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஒட்டுக் கேட்காமலே உங்களை அறிந்துகொள்ளும் வழிகள் அவர்களிடம் ஏராளம். உங்கள் தங்கை அதற்கு முன்னரே இணையத்தில் இயந்திரத்தின் விலையைத் தேடியிருக்கலாம். நீங்கள் இருவரும் ஒரே வைபை இணைப்பில் இருந்திருப்பீர்கள். ஒருவரின் தொலைபேசிப் புத்தகத்தில் மற்றவரின் இலக்கம் இருக்கும். அவர் பார்த்த விற்பனைத் தளத்தில் பேஸ்புக்கின் கண்காணிப்பு நிரல் இருந்திருந்தால், அவர் அங்கு சென்ற செய்தி மெட்டாவுக்குப் போயிருக்கும். தங்கை விரும்புவதை அக்காவும் விரும்பக்கூடும் என்று கணிப்பது அவர்களுக்குத் தொழில். இதைக் கேட்டு உங்கள் மனம் ஆறுதல் அடைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை; ஒலிவாங்கி தேவைப்படாத அளவுக்கு நம்மைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருப்பதே எனக்குப் பெரிய கவலையாகப் படுகிறது.

கைபேசியின் அமைப்புகளில் அனுமதிகள் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். எந்தச் செயலிக்கு ஒலிவாங்கி, இருப்பிடம், தொடர்பு இலக்கங்கள் ஆகியவற்றைப் பார்க்கும் உரிமை இருக்கிறது என்பது அங்கே தெரியும். டோர்ச் செயலிக்குத் தொடர்பு இலக்கங்கள் எதற்கு? நாட்காட்டிச் செயலிக்கு இருப்பிடம் எதற்கு? தேவையற்றவற்றை நிறுத்திவிடுங்கள். அவசரக் கடன் தருவதாகச் சொல்லி இணையத்தில் வரும் செயலிகள் விடயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். கடன் பெறுபவரின் தொடர்பு இலக்கங்களை எல்லாம் முதலிலேயே பிரதியெடுத்துக்கொண்டு, தவணை பிந்தினால் உறவினருக்கும் அயலவருக்கும் செய்தி அனுப்பி அவமானப்படுத்தும் செயலிகள் பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன.

2019 இல் எங்கள் நகரத்துத் தேவாலயத்தில் பிள்ளைகள் கொல்லப்பட்டதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். பயங்கரவாதிகள் எழுதுவதை அரசாங்கம் வாசிக்க முடியாதபடி செயலிகள் பூட்டி வைத்திருப்பது எந்த வகையில் நியாயம்? – மட்டக்களப்பு

உங்கள் துயரத்தின் முன்னால் சட்டத்தையும் தொழில்நுட்பத்தையும் பேசுவதற்குத் தயக்கமாக இருக்கிறது. ஆயினும் நீங்கள் கேட்டிருப்பது இந்தப் பகுதியிலுள்ள மிகக் கனமான கேள்வி. அதற்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும்.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி சியோன் தேவாலயத்திலும் ஏனைய இடங்களிலும் நிகழ்ந்த படுகொலைகளை, செய்திகளை வாசிக்க முடியாமற் போனதன் விளைவு என்று சொல்வதற்கில்லை. தாக்குதல் நடக்கப்போகிறது என்ற எச்சரிக்கை இந்தியாவிடமிருந்து அந்த மாதத்தின் தொடக்கத்திலேயே இலங்கை அதிகாரிகளுக்குக் கிடைத்திருந்தது. அந்தத் தகவல் மேலிடங்களில் கிடந்ததே ஒழிய, தேவாலயங்களின் வாசலை எட்டவில்லை. 2023 சனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், தாக்குதலைத் தடுக்கத் தவறியதன் மூலம் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று கண்டு, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் எனவும், பாதுகாப்புத் துறையின் உயர் பதவிகளில் இருந்தவர்களும் நட்டஈடு செலுத்த வேண்டும் எனவும் கட்டளையிட்டது. கையில் இருந்த தகவலின் மீது செயற்படாதவர்களுக்கு எல்லாருடைய உரையாடல்களையும் திறந்து கொடுத்தால், அவர்களிடம் குவியும் தகவல் இன்னும் பெருகும். செயற்படும் பொறுப்பு அதனால் தானாக வந்துவிடாது.

அரசாங்கத்துக்கு மட்டும் ஒரு தனித் திறப்பைக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அந்தத் திறப்பு அரசாங்கத்திடம் மட்டுமே இருக்கும் என்ற உறுதியை எவராலும் தர முடியாது என்பதே சிக்கல். கிரேக்க நாட்டில் வொடபோன் நிறுவனத்தின் வலையமைப்பில், சட்டப்படி ஒட்டுக் கேட்பதற்கென்று வைக்கப்பட்டிருந்த வசதியையே இனந்தெரியாதவர்கள் கைப்பற்றி, 2004 இலிருந்து 2005 வரை அந்நாட்டுப் பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் தொலைபேசிகளை ஒட்டுக் கேட்டார்கள். 2024 இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்த ஊடுருவலாளர்கள், நீதிமன்றக் கட்டளைப்படி ஒட்டுக் கேட்கும் கட்டமைப்புகளையும் தொட்டிருந்தார்கள். அதன் பின்னர், மறைகுறியாக்கத்தைத் தளர்த்த வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டுவந்த அதே அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர், மறைகுறியாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு அறிவுரை சொல்லும் நிலை வந்தது. கணிதத்துக்கு நல்லவர், கெட்டவர் என்ற வேறுபாடு தெரியாது. ஓர் அதிகாரிக்குத் திறக்கும் வழி, அதைக் கண்டுபிடிக்கும் எவருக்கும் திறக்கும்.

குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கவே கூடாது என்பது என் கருத்து அன்று. சந்தேகத்துக்குக் காரணம் காட்டி, நீதிமன்றத்தின் கட்டளையோடு, குறிப்பிட்ட ஒருவரின் கைபேசியை ஆராய்வதற்கும், அவர் யார் யாருடன் தொடர்புகொண்டார் என்ற பதிவைப் பெறுவதற்கும் வழி இருக்க வேண்டும், இருக்கவும் செய்கிறது. நமது நாட்டில் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எத்தனை இளைஞர்கள், தமிழர்களும் முஸ்லிம்களும், விசாரணையின்றி நீண்ட காலம் அடைபட்டுக் கிடந்தார்கள் என்பதை அறிந்த நாம், அதிகாரம் கேட்கப்படும் ஒவ்வொரு தடவையும் அதை யார் மேற்பார்வை செய்வார் என்று கேட்பதில் தவறு எதுவும் இல்லை.

அப்படியானால் வதந்திகளை என்ன செய்வது? 2018 இல் அம்பாறையில் நடந்ததற்குக் கைபேசிதானே காரணம்? – கல்முனை

அந்த ஆண்டு பெப்ரவரி இறுதியில், அம்பாறை நகரிலுள்ள முஸ்லிம் உணவகம் ஒன்றில் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாகக் கதை பரப்பப்பட்டு, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படியான எந்தப் பொருளும் அந்த உணவில் இல்லை என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் தெரிவித்தது. வெறும் மாவுக் கட்டியைத்தான் மாத்திரை என்றார்கள். கடைக்காரரை அச்சுறுத்திப் பேசவைத்த காணொளி சமூக ஊடகங்களில் பகிரங்கமாகவே சுற்றியது. அதைக் காண்பதற்கு எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. சில நாட்களில் கண்டியில் வன்முறை பரவிய பிறகுதான் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன; முடக்கத்தைக் கடந்து செல்லும் விபிஎன் வழியை இளைஞர்கள் அன்றே கற்றுக்கொண்டார்கள். பாதிக்கப்பட்ட ஊர்களில் உறவுகளைத் தேடியவர்களே உண்மையில் அவதிப்பட்டார்கள்.

மறைகுறியாக்கத்தை உடைக்காமலே வதந்தியின் வேகத்தைக் குறைக்க முடியும். ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்ற எல்லையை வட்ஸ்அப் 2019 சனவரியில் உலகெங்கும் கொண்டுவந்தது. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தியை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் அது மேலும் இறுக்கப்பட்டது. எத்தனை கை மாறியது என்ற எண்ணிக்கை செய்தியோடு சேர்ந்து செல்வதால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்க்க வேண்டியதில்லை. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பலரைத் தாண்டி வந்தது என்று அறிந்துகொள்ளுங்கள். பள்ளிவாசல், ஆலயம், விளையாட்டுக் கழகம் ஆகியவற்றின் குழுக்களை நடத்துபவர்கள், மற்றச் சமூகத்தைப் பற்றிய இப்படியான செய்தி வந்தவுடன் அதை நீக்கி, மறுபக்கத்து ஊரிலுள்ள தமக்குத் தெரிந்தவர் ஒருவரை அழைத்துக் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்தினால் நமது கரையோர ஊர்களுக்கு அது பெரும் நன்மை செய்யும்.

என் மகள் துபாயில் வீட்டு வேலை செய்கிறாள். வட்ஸ்அப்பில் அழைப்பு எடுக்க முடியவில்லை. வேறொரு செயலியில் பேசுகிறோம். அது பாதுகாப்பானதா? – வாகரை

அம்மா, ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப் அழைப்புகள் தடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கு அனுமதி பெற்ற செயலிகள் அந்நாட்டின் விதிகளுக்கு உட்பட்டே இயங்குகின்றன. சுகம் விசாரிக்கவும் பிள்ளைகளின் முகத்தைக் காட்டவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வங்கி இலக்கம், கடவுச்சீட்டின் படம், வேலை வீட்டில் உள்ள பிரச்சினை ஆகியவற்றை மட்டும் வட்ஸ்அப்பில் எழுத்தாகவோ குரல் பதிவாகவோ அனுப்பச் சொல்லுங்கள். அவை அங்கும் போய்ச் சேரும். விபிஎன் போடச் சொல்லி மகளை வற்புறுத்த வேண்டாம்; அந்நாட்டுச் சட்டத்தில் அது அவளைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும்.

சிம் எடுக்கப் போனால், பொதி ஒன்று வாங்கப் போனால், கடனுக்கு விண்ணப்பித்தால், எங்கும் அடையாள அட்டையைப் படம் பிடிக்கிறார்கள். சிலர் தமது சொந்தக் கைபேசியிலேயே பிடிக்கிறார்கள். மறுக்கலாமா? – வாழைச்சேனை

மறுக்கலாம் என்பதோடு, மாற்று வழியொன்றைக் கேட்கவும் வேண்டும். நமது அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் அன்று. அதைப் பார்த்தே பல விடயங்களைச் சொல்லிவிடலாம். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்களும் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று எண்களும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு நான்கு எண்களாக முழுமையாகவே இருக்கிறது. ஆகவே இலக்கத்தைக் கொடுத்தவர் தன் பிறந்த திகதியையும் தான் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே கொடுக்கிறார். பல நிறுவனங்கள் தொலைபேசியில் நம்மை உறுதிப்படுத்தக் கேட்பவையும் இவையே. அட்டையின் படத்தில் முகமும் முகவரியும் கையெழுத்தும் கூட வந்துவிடுகின்றன. 2022 யூலையில் எரிபொருளுக்கான கியூஆர் அட்டைக்காக நாடே அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தபோது வேறு வழி இருக்கவில்லை. ஒரு பார்சலைப் பெற்றுக்கொள்வதற்கு அந்த அளவு விவரம் தேவைதானா?

சட்டப்படி அடையாளம் கேட்க வேண்டிய இடங்களில், வங்கியிலும் சிம் விற்பனை நிலையத்திலும், கொடுக்கத்தான் வேண்டும். அங்கும் போட்டோ கொப்பியாகக் கொடுத்து, அட்டையின் படத்துக்கு மேலாகக் குறுக்கே “இன்ன நிறுவனத்தில் இன்ன தேவைக்கு மட்டும்” என்று திகதியோடு எழுதுங்கள். அதை வேறெங்கும் பயன்படுத்த முனைபவருக்கு அந்த எழுத்துத் தடையாக இருக்கும். பணியாளர் தமது சொந்தக் கைபேசியில் படம் பிடிக்க முனைந்தால், நிறுவனத்தின் கருவியில் எடுக்குமாறு பணிவாகக் கேளுங்கள். கொப்பிக் கடையில் வட்ஸ்அப் மூலம் அனுப்பிப் பிரதி எடுத்தால், அவர்களின் கைபேசியிலும் கணினியிலும் அது அழிக்கப்படும்வரை நின்று பார்ப்பது நல்லது. எனக்குத் தெரிந்தவரையில் நமது ஊர்களில் அதிகமான விவரங்கள் கசியும் இடம், பெரிய ஊடுருவலாளர்களின் கணினியை விட இப்படியான மேசைகள்தான்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்குத் தேவையான அளவு விவரத்தையே திரட்ட வேண்டும் என்கிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025 மார்ச்சில் பிற்போடப்பட்டது. முகம், கைவிரல் அடையாளம், கருவிழி ஆகியவற்றைப் பதியும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டமோ முன்னே போய்க்கொண்டிருக்கிறது. கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம், கைவிரலை மாற்ற முடியாது. ஆகையால் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைச் செயற்படுத்தும் அதிகாரசபையும் முழுமையாக இயங்கிய பின்னரே அந்தப் பதிவு தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

பக்கத்து வீட்டுக் கமரா எங்கள் கிணற்றடியைப் பார்க்கிறது. என்ன செய்யலாம்? – ஆரையம்பதி

முதலில் அவர்களை அழைத்து, அந்தக் கமராவில் என்ன தெரிகிறது என்று கூடவே இருந்து பாருங்கள். கோணத்தைச் சற்றுத் திருப்பினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். குறித்த பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதியும் பல கமராக்களில் உண்டு. மேலே சொன்ன தரவுச் சட்டம் வீட்டுத் தேவைக்கான பதிவுகளுக்குப் பொருந்தாது. பேசித் தீராவிட்டால் இணக்க சபைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. அவளுக்குத் தெரியாமல் அவளுடைய கைபேசியைப் பார்க்கும் செயலியைப் போடலாமா? – தம்பிலுவில்

தாயின் பயம் விளங்குகிறது, சகோதரி. ஆனாலும் அதைச் செய்ய வேண்டாம். அத்தகைய செயலிகள் மகளின் செய்திகளையும் படங்களையும் உங்களுக்கு மட்டும் காட்டுவதில்லை. அவற்றை நடத்தும் முகந்தெரியாத நிறுவனத்தின் கணினிக்கும் அனுப்புகின்றன; அவ்வாறான நிறுவனங்களிலிருந்து பிள்ளைகளின் படங்கள் கசிந்த சம்பவங்களும் உண்டு. அதைவிட முக்கியமானது, ஒருநாள் அவளுக்கு அது தெரியவரும் என்பதுதான். ஒருவன் அவளது படத்தை வைத்துக்கொண்டு மிரட்டினால், அவள் முதலில் ஓடிவர வேண்டிய ஆள் நீங்கள். தன்னை ஒளிந்து பார்த்தவரிடம் அவள் வருவாளா?

இரவில் கைபேசி கூடத்தில் இருக்க வேண்டும், தெரியாதவரின் அழைப்பை ஏற்கக் கூடாது என்பவற்றை அவளோடு பேசி, அவளுக்குத் தெரிந்தே ஏற்படுத்துங்கள். என்ன நடந்தாலும் ஏச மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். மிரட்டல் வந்துவிட்டால் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, பணம் எதுவும் கொடுக்காமல், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை அழையுங்கள்.

என் மாமியின் வட்ஸ்அப் கணக்கை யாரோ எடுத்து, உறவினர் எல்லாரிடமும் பணம் கேட்டார்கள். இருமுனைப் பாதுகாப்பு இருந்தும் இது எப்படி நடந்தது? – செங்கலடி

ஆறு இலக்கக் குறியீடு ஒன்றை யாரோ கேட்டு, மாமி சொல்லியிருப்பார். அந்தக் குறியீடு அவருடைய கணக்கை வேறொரு கைபேசியில் திறப்பதற்கானது. மறைகுறியாக்கம் வழியில் செல்லும் செய்தியைத்தான் காக்கும். கணக்கை நாமே கையளித்தால் காக்காது. வட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பு என்ற பகுதியில் தனியாக ஓர் ஆறு இலக்க இரகசிய எண்ணை (PIN) இன்றே போடுங்கள், வீட்டில் எல்லாருக்கும். பணம் கேட்டு எவரது செய்தி வந்தாலும் நேரடியாக அழைத்து, குரலைக் கேட்டு, இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்ட பிறகே அனுப்புங்கள்.

ஓர் அரச அலுவலகம் என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று அறிய எனக்கு உரிமை உண்டா? – திருக்கோவில்

உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். பிறருடைய அந்தரங்க விவரங்களைத் தர அவர்கள் மறுக்கலாம். உங்களுடைய சொந்த விவரத்தைப் பெறுவதற்கு, நீங்கள் இன்னார்தான் என்று உறுதிப்படுத்தினால் போதுமானது. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ முதலில் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். என்னென்ன விவரங்கள் இருக்கின்றன என்பதோடு, அவை வேறு எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள்.